அம்மா குண்டம் இறங்கியவர். மகள் ஆபீஸ் தீமிதியில் இறங்கலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சத்தியமங்கலம் பக்கம். பதினோரு வருடமாக இங்கிலாந்தில், ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 46. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் ஓடுகிறது. அடுத்த மாதம் எங்கள் ஆபீஸில் கங்குமேல் நடக்கும் நிகழ்ச்சி வைத்திருக்கிறார்கள். ஊழியர்களிடையே ஒற்றுமை வளரவும், இங்குள்ள ஹாஸ்பிஸுக்கு (இறுதிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்) நிதி திரட்டவும் என்கிறார்கள். பாதை 20 அடி நீளம். நடப்பவர் ஒவ்வொருவரும் 150 பவுண்டாவது திரட்ட வேண்டும். “கட்டாயமில்லை” என்கிறார் மேனேஜர். ஆனால் பெயர் கொடுத்தவர்கள் பட்டியல் தினமும் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. எங்கள் அம்மா பண்ணாரியில் மூன்று வருடம் குண்டம் இறங்கியவர். அதை வாய் தவறி ஆபீஸில் சொல்லிவிட்டேன். இப்போது “நீங்கள்தான் முதலில் நடக்க வேண்டும்” என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவோ, விரதம் இல்லாமல், காப்புக் கட்டாமல் நெருப்பில் கால் வைக்காதே என்கிறார். கால் சுடாது என்கிறார்களே, உண்மையா? நடந்தால் தன்னம்பிக்கை வருமா? சர்க்கரை இருப்பது ஆபீஸில் யாருக்கும் தெரியாது. நான் என்ன செய்வது? (பெயர் வேண்டாம்.)

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். நீங்கள் நடக்க வேண்டாம். நெருப்பைப் பார்த்துப் பயந்து இதைச் சொல்லவில்லை. தீக்காயப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு இப்போது நிறுவனங்களுக்குப் பணியிட நல மருத்துவராக இருக்கிறேன். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு “இவர் நடக்கலாமா” என்று கேட்டு என் மேஜைக்கும் படிவங்கள் வருவதுண்டு. நல்ல பாதமுள்ள, தானாக ஆசைப்பட்டு வருகிற ஆளுக்கு, சரியாகத் தயாரித்த பாதையில் நான் தடை போடுவதில்லை. உங்கள் விஷயத்தில் பாதம் எப்படி இருக்கிறது என்று இன்னும் தெரியாது. ஆசை இருப்பதாகவும் கடிதத்தில் எங்கும் தெரியவில்லை.

கால் சுடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சித்திரை வெயிலில் உச்சிப் பொழுதில், கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடந்திருப்பீர்கள். அந்தக் கல் 60 டிகிரியைத் தொட்டாலே அதிகம். அதற்கே குதித்துக் குதித்து நிழலைத் தேடி ஓடுகிறோம். கங்கோ 500 டிகிரி. கல்லில் நடந்தவர் கொப்புளத்தோடு வருகிறார், கங்கில் நடந்தவர் சிரித்துக்கொண்டு வருகிறார். வித்தியாசம் எங்கே என்றால், ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது வேறு, அந்தச் சூட்டை எவ்வளவு வேகமாக நம் தோலுக்குக் கொடுக்கிறது என்பது வேறு. கருங்கல் அடர்த்தியானது. மேற்பரப்பில் இருக்கும் சூடு போனால் உள்ளிருந்து அடுத்த சூடு உடனே மேலே வரும். கரி பஞ்சு மாதிரி லேசானது, உள்ளே முழுக்கக் காற்றுத் துளைகள். தொட்ட இடத்துச் சூட்டைக் கொடுத்துவிட்டால் அடுத்தது வந்து சேர நேரம் பிடிக்கும். மேலே படியும் சாம்பல் இன்னொரு திரை.

இஸ்திரி வண்டிக்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? பெட்டியிலிருந்து கங்கு கீழே விழுந்தால் வெறும் விரலால் சட்டென்று எடுத்து உள்ளே போட்டுவிடுவார். அதே விரலைப் பெட்டியின் அடித்தட்டில் வைக்க மாட்டார். தட்டின் சூடு கங்கின் சூட்டில் பாதிகூட இருக்காது, ஆனால் அது இரும்பு. அவ்வளவுதான் ரகசியம். இதை 1935லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். லண்டனுக்கு அருகே அப்போது சர்ரேயில் இருந்த கார்ஷால்டனில், அமானுஷ்ய விஷயங்களை ஆராய்ந்த ஹாரி பிரைஸ் என்பவரின் ஏற்பாட்டில், காஷ்மீரைச் சேர்ந்த குதா பக்ஷ் விஞ்ஞானிகள், மருத்துவர்கள் முன்னால் கங்கில் நடந்து காட்டினார். கங்கின் மேற்பரப்பு 430 டிகிரி. பாதத்தில் காயம் இல்லை. தொடும் நேரம் குறைவு, கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது என்ற விளக்கத்துக்குத்தான் பிரைஸும் வந்து சேர்ந்தார்.

உங்கள் ஆபீஸ் பாதைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், நீங்கள் கணக்குப் பிரிவுதானே. 20 அடி என்றால் சுமார் 6 மீட்டர். எட்டு, ஒன்பது காலடியில் கடந்துவிடலாம். ஒரு பாதம் நாலைந்து முறை கங்கைத் தொடும், ஒவ்வொரு முறையும் அரை விநாடி அளவுக்கு. இந்தக் கணக்குக்குள் நடந்தால் பெரும்பாலும் சிவப்பதோடு போய்விடும். கணக்கு தப்பும் இடங்கள் எனக்கு நன்றாகத் தெரியும். போட்டோவுக்காக நடுவில் நிற்பவர். பயத்தில் ஓடுபவர், ஓடினால் கால் விரல்கள் கங்குக்குள் புதையும். விரலிடுக்கில் ஒட்டிக்கொண்ட துண்டோடு இன்னும் நாலு எட்டு வைப்பவர். சாம்பல் பூக்கும்வரை காத்திருக்காமல், தகதகவென்று இருக்கும்போதே ஆட்களை இறக்கிவிடும் ஏற்பாட்டாளர். இருட்டில் கங்கு பிரமாதமாகச் சிவந்து தெரியும், பட்டப்பகலில் அதுவே வெறும் சாம்பல் குப்பை மாதிரி இருக்கும். இந்த நிகழ்ச்சிகளைப் பொழுது சாய்ந்த பிறகு வைப்பதில் கொஞ்சம் நாடகமும் உண்டு.

கணக்கு தப்பியதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. 2001ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பர்கர் கிங் நிறுவனத்தின் மார்க்கெட்டிங் ஊழியர்கள் சுமார் நூறு பேர் குழு ஒற்றுமைக்காகக் கங்கில் நடந்தார்கள், பன்னிரண்டு பேர் அளவில் காலைச் சுட்டுக்கொண்டார்கள். 2012ல் சான் ஹோசே நகரில் டோனி ராபின்ஸின் தன்னம்பிக்கைப் பயிலரங்கில் 21 பேருக்குத் தீக்காயத்துக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டியிருந்தது. 2016ல் டல்லஸில் அவருடைய இன்னொரு நிகழ்ச்சியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். 2022 ஜூனில் சூரிச் ஏரிக்கரையில், ஒரு விளம்பரத் துறை நிறுவனத்தின் ஊழியர்கள் 25 பேர் காயப்பட்டார்கள், அதில் 13 பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சான் ஹோசேயில் நடந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர், 21 அதில் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அந்த 21ல் ஒருவருக்கு அது சின்ன எண்ணிக்கை இல்லை. நம் கோயில்களிலும் தடுக்கி விழுந்து தீக்காயம் பட்ட செய்திகள் அவ்வப்போது வரத்தான் செய்கின்றன.

இப்போது உங்கள் பாதத்துக்கு வருகிறேன்.

சர்க்கரை வந்து வருடங்கள் ஆக ஆக, சிலருக்குப் பாதத்து நரம்புகள் மெல்ல மரத்துப்போகும். மெல்ல என்பதுதான் சிக்கல். ஒருநாள் திடீரென்று உணர்ச்சி போனால் தெரியும். வருடக்கணக்கில் போனால் எல்லோர் காலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வோம். எனக்கு ஒரு நோயாளி இருந்தார், நம் ஊர்க்காரர்தான். குளிருக்குப் போர்வைக்குள் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். காலையில் சாக்ஸ் ஈரமாக இருந்ததால் பை ஒழுகுகிறது என்று நினைத்து, புதுப் பை வாங்கக் கடைக்குப் போய்வந்தார். ஈரம், குதிகாலில் உடைந்த கொப்புளத்து நீர். கடைக்குப் போன வழியெல்லாம் அந்தக் காலில்தான் நடந்திருக்கிறார், ஒரு வலி இல்லை. அந்தப் புண் ஆற ஐந்து மாதம் ஆனது.

சரியான பாதம் கங்கில் நடக்கும்போது ஒரு துண்டு ஒட்டிக்கொண்டால் உடனே காலை உதறும். யோசித்துச் செய்வதில்லை, வலி செய்ய வைக்கிறது. மரத்த பாதம் உதறாது. சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்துக்கு ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னக் கொப்புளம்கூட ஆறாத புண்ணாகும். ஆகவே ஆபீஸ் நிகழ்ச்சி இருக்கட்டும், முதலில் உங்கள் ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்குக்குப் போன் செய்து, இந்த வருடப் பாதப் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது வருடம் ஒருமுறை இலவசம். மெல்லிய நைலான் இழையால் விரல் நுனியிலும் பாதத்திலும் தொடுவார்கள், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டதும் சொல்ல வேண்டும். பாதத்தின் நாடித் துடிப்பையும் பார்ப்பார்கள். ஐந்து, பத்து நிமிட வேலை. அதில் எல்லாம் நன்றாக இருந்தால் நடக்கலாமா என்று கேட்பீர்கள். அப்போது ஆபத்து நிச்சயம் குறைவு. ஆனாலும் சர்க்கரை உள்ள ஒருவரை ஒரு ஆபீஸ் விளையாட்டுக்காகக் கங்கில் இறங்கு என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

தன்னம்பிக்கைக்கு வருவோம். நடந்து முடித்தவர்களின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும், நானே பார்த்திருக்கிறேன். அது பொய்யில்லை. பயந்த காரியம் பத்து விநாடிக்குள் முடிந்துவிட்டால் உடம்பே துள்ளும். ஆனால் பயிற்சியாளர் அதற்குச் சொல்லும் காரணம் தப்பு. “மனசு வைத்தால் நெருப்பும் சுடாது” என்பார். மனசு வைக்காமல் முணுமுணுத்துக்கொண்டு நடந்தவருக்கும்தான் சுடவில்லை. முழு மனசோடு கல்லில் நடந்தால் சுடும். இரண்டையும் முடிவு செய்வது காலுக்குக் கீழே இருக்கும் பொருள். அப்புறம், உங்களுடையது சரக்குக் கிடங்கு. ஃபோர்க்லிஃப்ட் திரும்பும் மூலையில் நிற்காதே, அடுக்கு சாய்கிறது என்று தோன்றினால் விலகு என்று வருடம் முழுக்கச் சொல்லிவிட்டு, ஒருநாள் மாலை “பயம் என்பது மாயை, மிதித்துவிட்டுப் போ” என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை, இந்தத் தொழிலில் இருக்கும் என்னால் ரசிக்க முடியவில்லை.

குழு ஒற்றுமையைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்று ஒரு சின்ன ஊர். ஜூன் மாதத்தில் புனித யோவான் திருநாள் இரவில் அங்கே கங்கில் நடப்பார்கள், பலர் தமக்கு வேண்டிய ஒருவரை முதுகில் சுமந்துகொண்டு. நடப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவி மாட்டிப் பார்த்தார்கள், 2011ல் முடிவு வெளியானது. நடப்பவரின் துடிப்பும், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய உறவுக்காரர், நண்பர்களின் துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கின. வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களின் துடிப்பு அப்படிச் சேரவில்லை. இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: அங்கே பந்தம் முன்னமே இருந்தது, கங்கு அதைக் காட்டிக்கொடுத்தது. ஒருவருக்கொருவர் மெயிலில் மட்டும் பேசிக்கொள்ளும் இரண்டு பிரிவுகளை 20 அடி கங்கு ஒட்டவைத்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிதி விஷயத்துக்கும் இதே துறையில் ஒரு ஆய்வு உண்டு, அது நம்மவர்களைப் பற்றியது. மொரிஷியஸில் தைப்பூசத்தன்று அலகு குத்திக் காவடி எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் யாருக்கும் தெரியாமல் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். கூட்டு வழிபாடு மட்டும் செய்தவர்களைவிடக் காவடி எடுத்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள். இதில் உங்களுக்குப் பயன்படும் செய்தி வேறொன்று. அலகு குத்தாமல் காவடியோடு கூட நடந்து வந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களும் குறைவாகக் கொடுக்கவில்லை.

ஆகவே ஹாஸ்பிஸுக்காக நீங்கள் கங்கில் இறங்கத்தான் வேண்டும் என்பதில்லை. அந்த நிறுவனங்களின் செலவில் பெரும்பகுதி இப்படித் திரட்டும் பணத்தில்தான் ஓடுகிறது, அதனால் காரியம் நல்ல காரியம். ஒரு கணக்காளராக இரண்டு கேள்வி கேளுங்கள். பாதை போடும் நிறுவனத்துக்கான கட்டணம் யார் பணம்? கம்பெனி தனியாகக் கொடுத்தால் சரி, திரட்டிய 150 பவுண்டிலிருந்து போகிறது என்றால் நன்கொடை கொடுப்பவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும். இரண்டாவது, கிஃப்ட் எய்ட் படிவத்தை யாராவது கவனிக்கிறார்களா? வருமான வரி கட்டுபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாகக் கிடைக்கும். படிவத்தில் பெயரும் முகவரியும் சரியாக இல்லாததால் அந்தப் பணம் கிடைக்காமல் போவதுண்டு. அதை நீங்கள் எடுத்துச் செய்தால், கங்கில் நடந்து இரண்டு பேர் திரட்டுவதைவிட அதிகமாகவே சேர்த்துவிடுவீர்கள்.

மேனேஜருக்கு நீளமாக எழுத வேண்டாம். “உடல்நலக் காரணத்தால் நான் நடக்கவில்லை. கிஃப்ட் எய்ட் கணக்கையும் அன்று மாலை பாதை முடியும் இடத்தில் தண்ணீர் ஏற்பாட்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.” இவ்வளவுதான். என்ன உடல்நலக் காரணம் என்று அவர் கேட்க வேண்டியதில்லை, நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. வற்புறுத்தினால் உங்கள் நிறுவனத்தின் பணியிட நல மருத்துவரிடம் மட்டும் பேசுங்கள். அவர் மேனேஜருக்கு “நடக்க வேண்டாம்” என்று ஒரு வரி எழுதுவார், காரணம் எழுத மாட்டார். வாட்ஸ்அப் பட்டியலை நிறுத்தச் சொல்லியும் அந்த மருத்துவரிடமே கேளுங்கள். தினமும் பெயர் ஏறும் பட்டியல் இருக்கும் இடத்தில் “கட்டாயமில்லை” என்பதற்கு அர்த்தமில்லை. நடப்பவர்களிடம் “என்ன நடந்தாலும் நானே பொறுப்பு” என்று கையெழுத்து வாங்குவார்கள். அதைப் பார்த்து நிர்வாகம் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அந்தப் பொறுப்பை ஒரு தாளால் தட்டிக்கழிக்க இங்கே சட்டம் விடுவதில்லை.

உங்கள் அம்மா சொன்னதை நான் மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். எங்கள் பக்கம் பூக்குழி என்போம், நீங்கள் குண்டம் என்கிறீர்கள், வடக்கே தீமிதி. பெயர் எதுவானாலும் காப்புக் கட்டி விரதம் இருக்கும் நாட்களில் பலர் செருப்புப் போடுவதில்லை, பாதம் காய்த்து உரமேறுகிறது. குண்டம் வளர்ப்பவர்கள் பரம்பரையாக அதைச் செய்கிறவர்கள், எந்த நேரத்தில் இறங்கலாம் என்று அவர்களுக்குக் கண் சொல்லும். அது மட்டுமல்ல. பண்ணாரியில் நேர்ந்துகொண்டவர் இறங்குகிறார், நேராதவர் வெளியே நின்று கும்பிடுகிறார், யாரும் “நீ ஏன் இறங்கவில்லை” என்று கேட்பதில்லை. மனிதர்கள் இறங்கி முடித்த பிறகு அங்கே மாடுகளையும் ஓட்டிவருகிறார்கள், பார்த்திருப்பீர்கள். ஊரும் வீடும் மாடும் சேர்ந்த விஷயம் அது. அம்மாவின் வேண்டுதலுக்கு வாரிசாக நீங்கள் ஆபீஸில் நடந்து காட்ட வேண்டியதில்லை. யாராவது மறுபடி கேட்டால், “அது அம்மா அவங்க சாமிக்குச் செய்தது” என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

தண்ணீர்ப் பொறுப்பை எடுத்துக்கொண்டால் சில விஷயங்களைக் கவனியுங்கள். நடக்கும் பெண்களிடம் மெட்டி, கொலுசைக் கழற்றச் சொல்லுங்கள். இஸ்திரிப் பெட்டியின் தட்டு மாதிரிதான் அதுவும், கங்கு பட்டால் நொடியில் சூடேறித் தோலோடு ஒட்டும். மெட்டியைக் கழற்ற மனமில்லை என்றால் அவர் நடக்க வேண்டாம், அதில் தப்பில்லை. நைலான் பேண்ட், தரையில் புரளும் உடை கூடாது. குடித்திருப்பவரை விடக் கூடாது. பாதை முடியும் இடத்தில் ஈரப் புல்லோ தண்ணீர்த் தொட்டியோ இருக்க வேண்டும், ஒட்டிய துண்டு அங்கே போய்விடும்.

யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஐஸ் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், இருபது நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம், எல்லோரும் ஐந்தாவது நிமிடத்தில் போதும் என்பார்கள். அப்புறம் சமையலறையில் சாப்பாடு மூடும் பிளாஸ்டிக் தாளை மேலே தளர்வாகப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மஞ்சள், பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். நான் தீக்காயப் பிரிவில் இருந்தபோது காயத்தைப் பார்ப்பதற்கு முன் அரைமணி நேரம் மாவைக் கழுவிய நாட்கள் உண்டு.

பாதப் பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அம்மாவிடம் பேசும்போது குண்டத்தை எத்தனை எட்டில் கடந்தார் என்றும் கேட்டு எழுதுங்கள், எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.